வேலூரில் காட்டுயிர் மீட்பு மையம்: பணம் எங்கிருந்து வரும்?

கேள்வி இதுதான். குடியாத்தம் பக்கம் நண்பர்கள் சிலர் சேர்ந்து, வீட்டுக்குள் புகுந்த பாம்பைப் பிடிப்பது, கிணற்றில் விழுந்த மானைத் தூக்குவது, அடிபட்ட பறவையை வனத்துறையிடம் ஒப்படைப்பது என்று செய்து வருகிறார்கள். உறவினர் ஒருவர் மலையடிவாரத்தில் நிலம் தரத் தயார். அங்கே காயப்பட்ட வனவிலங்குகளுக்கு ஒரு காப்பகமும், பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்த்துக் கற்றுக்கொள்ள ஒரு மையமும் அமைக்க ஆசை. முப்பது லட்சம் தேவைப்படும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது?

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்து அறக்கட்டளைகளுக்குக் கணக்கு எழுதுவதும் நிதி விண்ணப்பம் தயார் செய்து தருவதும்தான் என் பிழைப்பு. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். முப்பது லட்சம் திரட்டுவது நீங்கள் பயப்படும் அளவுக்குக் கஷ்டமில்லை. கட்டி முடித்த பிறகு மாதா மாதம் வரும் செலவுக்கு ஆள் பிடிப்பதுதான் கஷ்டம். கட்டடத்துக்குக் கொடுப்பவர் பெயர் கல்வெட்டில் வரும். கோழிக்கடையின் போன மாத பாக்கியை அடைப்பவருக்கு என்ன வரும்? அதனால் வரிசையை மாற்றுங்கள். மாதச் செலவுக்கு முதலில் ஆள் சேருங்கள், கட்டடம் அப்புறம்.

அதற்கும் முன்னால் கொஞ்சம் சட்டம். "பணத்தைப் பற்றிக் கேட்டால் இவர் சட்டம் பேசுகிறாரே" என்று தோன்றலாம். ஆனால் உங்களுக்கு எந்த வழியில் வரவு வரலாம், எந்த வழியில் வரக்கூடாது என்பதை முடிவு செய்வதே சட்டம்தான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பிடிபட்ட வனவிலங்கு அரசின் சொத்து. அப்படி ஒன்று உங்கள் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் வனத்துறைக்கோ காவல் நிலையத்துக்கோ தகவல் சொல்ல வேண்டும். நல்ல எண்ணத்தோடு வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்தாலும் அனுமதி இல்லையென்றால் குற்றம்தான். விலங்குகளை வைத்துப் பராமரிக்கும் இடம் வேண்டுமென்றால் மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் வேண்டும். 2022இல் சட்டத்தைத் திருத்தியபோது மீட்பு மையத்தைப் 'பார்வைக்கு வைக்காத இடம்' என்ற வகையில் சேர்த்துவிட்டார்கள்.

இந்த ஒரு வரியில் உங்கள் திட்டத்தின் பாதி வரவு போய்விடுகிறது. மீட்ட குரங்கைக் கூண்டில் வைத்து, பிள்ளைகளிடம் ஆளுக்கு ஐம்பது ரூபாய் டிக்கெட் வாங்கிக் காட்ட முடியாது. வந்தவர்களோடு செல்ஃபி எடுக்க விட்டு நன்கொடை வாங்கவும் முடியாது. சென்னை கிண்டி பாம்புப் பண்ணையும், மாமல்லபுரம் சாலையில் உள்ள முதலைப் பண்ணையும் டிக்கெட் வாங்குகின்றனவே என்று கேட்பீர்கள். அவை உயிரியல் பூங்காவாக அங்கீகாரம் பெற்றவை. 1970களிலிருந்து நடப்பவை. அவற்றின் பாடு தனி. அவ்வளவு பெயர் பெற்ற முதலைப் பண்ணையே கொரோனா காலத்தில் கதவு மூடியதும் நுழைவுக் கட்டணம் நின்றுபோய், பொதுமக்களிடம் நிதி கேட்க வேண்டி வந்தது. முதலைக்கு ஊரடங்கு தெரியாது, அன்றைக்கும் அதற்கு இரை போட்டாக வேண்டும். டிக்கெட்டை மட்டும் நம்பினால் இதுதான் நிலை.

எனவே காப்பகத்தையும் கல்வி மையத்தையும் இரண்டு திட்டமாகப் பிரித்துவிடுங்கள். இடமும் தனி, கணக்கும் தனி, பணம் கேட்கும் ஆட்களும் தனி. காப்பகம் மூடிய கதவுக்குள் நடக்கும். கல்வி மையத்தில் உயிருள்ள வனவிலங்கு ஒன்றுகூட இருக்காது. மான்கொம்பு, ஆமை ஓடு என்று யாராவது அன்பளிப்பாகக் கொண்டுவந்தாலும் வாங்கி வைக்காதீர்கள், அதுவும் சட்டப்படி சிக்கல். படம், மாதிரி உருவம், காணொளி, பயிற்சி பெற்ற ஒரு நல்ல பேச்சாளர் போதும். பிள்ளைகளுக்கு உயிருள்ள விலங்கைக் காட்டியே ஆக வேண்டும் என்றால் அமிர்தி இருக்கிறது. ஜவ்வாது மலை அடிவாரத்தில் 1967 முதல் வனத்துறை நடத்தும் சிறிய உயிரியல் பூங்கா, வேலூரிலிருந்து 25 கிலோமீட்டர். காலையில் உங்கள் மையத்தில் வகுப்பு, மதியம் அமிர்தி. பள்ளிகளுக்கு இது நன்றாகப் பிடிக்கும்.

காப்பகத்தையும் எடுத்த எடுப்பில் காப்பகமாகத் தொடங்க வேண்டாம். மீட்பு வண்டி, வலை, தூக்குப் பெட்டிகள், முதலுதவிப் பொருட்கள் என்று வனத்துறைக்குத் துணையாகத் தொடங்குங்கள். மாவட்ட வன அலுவலரிடம் எழுத்தில் ஒரு கடிதம் வாங்குவதுதான் முதல் வேலை. நிதி கொடுப்பவர் பத்தில் எட்டுப் பேர் அந்தக் கடிதத்தைத்தான் முதலில் கேட்பார்கள். இந்தக் கட்டத்தில் கூண்டு இல்லை, வாழ்நாள் முழுக்க வைத்துச் சோறு போட வேண்டிய பொறுப்பும் இல்லை. பாம்பு மீட்பில் தீவனச் செலவே கிடையாது. பிடித்த இடத்துக்கு அருகிலேயே சீக்கிரம் விட்டுவிட வேண்டும், அங்கே செலவெல்லாம் பெட்ரோல்தான். கையை முழுசாகக் கடிப்பது குரங்கு. வீட்டில் குட்டியிலிருந்து வளர்த்துக் கைவிடப்பட்ட நாட்டுக்குரங்கு பெரும்பாலும் காட்டுக்குத் திரும்ப முடியாது, இருபது ஆண்டுக்கு மேலும் உயிர் வாழும். ஒரு குரங்கை ஏற்றுக்கொள்வது என்றால் இருபது வருடச் சாப்பாட்டுக்குப் பொறுப்பேற்பது என்று அர்த்தம். அதற்கான பணம் கண்ணில் படும் வரை 'எங்களிடம் இடமில்லை' என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

இனி மாதச் செலவு. இதை ஏன் நுணுக்கமாக எழுத வேண்டும் என்பதற்கு ஒரு கூகைக் குஞ்சை எடுத்துக்கொள்வோம். பழைய கட்டடம் இடிக்கும்போது வேலையாட்கள் அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டுவருவார்கள். வெள்ளைப் பஞ்சு உருண்டை, நடுவில் தட்டையான முகம், கிட்டப் போனால் சீறும். கோழிக்கடையில் எலும்பில்லாத கறியைச் சின்னதாக நறுக்கி வாங்கி இடுக்கியால் ஊட்டினால் ஆசையாகத் தின்னும், எடையும் ஏறும். சில வாரம் கழித்துப் பார்த்தால் கால் வளைந்திருக்கும், நிற்க முடியாது. வெறும் கறியில் சுண்ணாம்புச் சத்து போதாது. எலும்போடு, தோலோடு, முழு எலியோ கோழிக்குஞ்சோ கொடுக்க வேண்டும். வளர்ந்த பிறகு அது வெளியே கக்கும் எலும்பும் முடியும் கலந்த உருண்டையைப் பார்த்தே வயிறு சரியாக இருக்கிறதா என்று சொல்லிவிடலாம். ஆக, 'ஆந்தைக்குத் தீவனம்' என்று மொட்டையாக ஒரு தொகை எழுதினால் உங்களுக்கே துண்டு விழும். எத்தனை கோழிக்குஞ்சு, அதை வைக்கக் குளிர்பெட்டி, அதற்குக் கரண்ட் பில் என்று இறங்கி எழுத வேண்டும். அப்படி எழுதிய காகிதத்தைத்தான் நன்கொடையாளரும் நம்புவார். 'வாயில்லா ஜீவன்களுக்கு உதவுங்கள்' என்று கேட்டால் நூறு ரூபாய் தருபவர், 'கூகைக் குஞ்சு பறக்கும் வரை இவ்வளவு ஆகும், இதோ கணக்கு' என்று காட்டினால் மொத்தத்தையும் தானே ஏற்றுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

இதே மாதிரி மருந்து, கால்நடை மருத்துவர் வந்து போகும் செலவு, இரவுக் காவலாளி சம்பளம், வண்டிக்கு இன்சூரன்ஸ், பிடிக்கப் போகிறவர்களுக்கு விபத்துக் காப்பீடு எல்லாவற்றையும் எழுதுங்கள். நம் ஊர் வெயிலுக்குத் தனியாக ஒரு வரி வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் கூரைமேல் கீற்றும், கூண்டுக்குத் தண்ணீர்த் தெளிப்பும், லாரித் தண்ணீருக்குப் பணமும் இல்லையென்றால் ஒரு பறவை தாங்காது. இதை மறந்துவிட்டு மே மாதம் அவசர நிதி கேட்டு ஓடுகிறவர்கள் நிறைய.

பதிவுக் காகிதங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். அறக்கட்டளையாகவோ, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ்ச் சங்கமாகவோ பதியலாம். சங்கத்துக்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். வருமான வரித் துறையில் அமைப்பின் வரவுக்கு வரிவிலக்கு தரும் 12ஏபி, நன்கொடையாளருக்கு வரிக் கழிவு தரும் 80ஜி பதிவுகள், தன்னார்வ அமைப்புகளுக்கு நிதி ஆயோக் தரும் தர்ப்பண் எண், அமைப்பின் பெயரில் வங்கிக் கணக்கு. நண்பர் ஒருவரின் சொந்த கூகுள் பே எண்ணில் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள், அவர் எவ்வளவு யோக்கியராக இருந்தாலும் சரி. 2025இல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் நமக்குப் பழகிய பிரிவு எண்கள் மாறுகின்றன. ரசீதுப் புத்தகம் அச்சடிக்கும் முன் எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பத்திரம் எழுதும்போது ஒரு விஷயத்தில் மட்டும் கண்ணாக இருங்கள். நோக்கங்கள் என்ற பகுதியில் 'சுற்றுச்சூழல், காடு, வனவிலங்குப் பாதுகாப்பு' என்று முதலிலேயே தெளிவாக வர வேண்டும். பத்திர எழுத்தர்கள் பழைய நகலை வைத்து 'ஏழைகளுக்கு உதவுதல், பொதுநலப் பணிகள்' என்று அடித்துக் கொடுத்துவிடுவார்கள். வருமான வரிச் சட்டம் வனவிலங்குப் பாதுகாப்பைத் தனி அறநோக்கமாகவே வைத்திருக்கிறது. வெறும் 'பொதுப் பயன்பாடு' என்ற வகையில் மாட்டினால், கட்டணமாக வரும் வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டும் வருடத்தில் வரிச் சலுகை போய்விடும். நாளைக்குப் பள்ளிகளிடம் கட்டணம் வாங்கப் போகிற உங்களுக்கு இது முக்கியம்.

80ஜி பற்றி நன்கொடையாளர்களிடம் அளந்து விடாதீர்கள். பழைய வரி முறையில் இருப்பவருக்குத்தான் அந்தக் கழிவு, அதுவும் கொடுத்ததில் பாதிக்கு, அதற்கும் உச்சவரம்பு உண்டு. புதிய முறைக்கு மாறிய சம்பளக்காரருக்கு ஒன்றும் கிடைக்காது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடைக்காது. 'வரி மிச்சம்' என்று சொல்லி வாங்கிவிட்டு, ஜூலையில் அவர் கணக்குத் தாக்கல் செய்யும்போது ஏமாந்தால், அடுத்த வருடம் உங்கள் போனை எடுக்க மாட்டார்.

சரி, யாரிடம் கேட்பது? நம் ஊர் ஆட்களுக்குக் கொடுக்கும் பழக்கம் நன்றாகவே இருக்கிறது. அது ஏற்கெனவே எந்தப் பாதையில் போகிறது என்று பாருங்கள். பிறந்த நாளுக்கு முதியோர் இல்லத்தில் ஒரு வேளைச் சாப்பாடு, அப்பாவின் திதிக்கு அன்னதானம், அமாவாசைக்குப் பசுவுக்கு அகத்திக்கீரை, கோயிலில் ஒரு நாள் பூஜைக்குக் கட்டளை. இதில் கட்டளை முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் ஒரு தொகையை வைப்பாகக் கொடுத்துவிடுகிறார். முதல் அப்படியே இருக்க, வட்டியில் வருடத்துக்கு ஒரு நாள் அவர் சொன்ன தேதியில் பூஜை நடக்கிறது. உங்கள் காப்பகத்துக்கு ஒரு நாள் செலவு 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 25,000 ரூபாயை வங்கியில் ஆறரை சதவீத வட்டிக்குப் போட்டால் வருடம் 1,625 வரும். அந்த ஒரு நாள் அந்தக் குடும்பத்தின் பெயரில். அன்று காலை என்ன தீவனம் போட்டோம், என்ன மருந்து வாங்கினோம் என்று நாலு வரி வாட்ஸ்அப்பில் போய்ச் சேர வேண்டும். 365 நாளும் நிரம்பும் என்று சொல்ல வரவில்லை. அறுபது எழுபது நாள் நிரம்பினாலே இரண்டு மாதச் சாப்பாட்டுக் கவலை நிரந்தரமாகத் தீர்ந்தது. தேதிகள் தாமாகவே பரவலாக அமையும், ஏனென்றால் திதியும் பிறந்த நாளும் ஒரே மாதத்தில் வருவதில்லை.

இப்படி வாங்கும் வைப்புத் தொகைக்கு, 'இது மூலநிதிக்காக' என்று கொடுப்பவர் எழுத்தில் தர வேண்டும். சட்டம் சொல்லும் முதலீடுகளில்தான் போட வேண்டும், அரசு வங்கி வைப்புத் தொகை அதில் அடங்கும். எழுத்து இல்லாமல் வாங்கினால் அது சாதாரண வருமானம் ஆகி, அதில் 85 சதவீதம் செலவழித்தாக வேண்டிய கணக்கில் சேர்ந்துவிடும். மூலநிதியில் கைவைத்துக் கூண்டுக்குக் கம்பி வாங்குவது கூடவே கூடாது.

சோளிங்கர் மலைக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஆயிரத்து முந்நூறு படி ஏறுவதற்குள் குரங்கு கையில் இருப்பதைப் பறித்துவிடும். ஆனாலும் குரங்குக்கென்றே பழமும் பொரியும் வாங்கிப் போகிறவர்கள் ஏராளம். நரசிம்மரும் அனுமனும் இருக்கும் இடம், புண்ணியம் என்று நினைத்துக் கொடுக்கிறார்கள். அந்தத் தீனிதான் குரங்கை மனிதர்களிடம் பறிக்கப் பழக்குகிறது, சாலையோரத்துக்கு இழுத்து வண்டியில் அடிபட வைக்கிறது. அங்கே தினமும் எவ்வளவு பணம் விலங்கின் பெயரால் செலவாகிறது என்று யோசியுங்கள். 'குரங்குக்குக் கொடுக்காதீர்கள்' என்று மட்டும் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். கொடுக்க நினைத்த அந்த இருபது ரூபாய்க்கு வேறு இடம் காட்ட வேண்டும். கோயில் வளாகத்தில் அறநிலையத் துறை அனுமதி இல்லாமல் பலகையோ உண்டியலோ வைக்க முடியாது. அடிவாரத்தில் பூக்கடை, தேங்காய்க்கடைக்காரர்களிடம் பேசி ஒரு சின்ன அட்டை வைக்கலாம், கியூஆர் படத்தோடு. பழக்கடைக்காரர் மட்டும் முறைப்பார், அவர் வியாபாரம் அது.

அடுத்து கம்பெனிகள். நிறுவனங்கள் சட்டம் 2013இன் 135ஆவது பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி இருக்கும் நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்கு (சிஎஸ்ஆர்) செலவிட வேண்டும். எதற்கெல்லாம் செலவிடலாம் என்ற பட்டியலில் விலங்கு நலமும் தாவர, விலங்கினப் பாதுகாப்பும் பெயர் சொல்லியே இருக்கின்றன, கல்வியும் இருக்கிறது. தான் இயங்கும் சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் உண்டு. ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையும் ஆம்பூர் காலணி ஆலைகளும் பக்கத்தில் இருக்க, நீங்கள் சென்னைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை.

ஒரு முறை ராணிப்பேட்டையில் ஒரு நிறுவனத்துக்கு இப்படி ஒரு குழுவோடு போயிருந்தேன். பையன்கள் வண்ண ஆல்பம் கொண்டுவந்திருந்தார்கள். நல்ல பாம்பு, மலைப்பாம்பு, கிணற்றிலிருந்து கயிற்றில் ஏறும் மான் எல்லாம் பளபளவென்று இருந்தன. மேலாளர் இரண்டு பக்கம் புரட்டினார். மூடி ஓரமாக வைத்தார். "சிஎஸ்ஆர்-1 நம்பர் இருக்கா? மூணு வருஷ ஆடிட் ரிப்போர்ட் கொண்டாந்தீங்களா?" என்றார். நான் எடுத்துக் கொடுத்ததும் பேனாவின் பின்பக்கத்தால் வரிவரியாக இறங்கி, 'இதர செலவுகள்' என்ற இடத்தில் நின்றார். அதில் கொஞ்சம் பெரிய தொகை இருந்தது. அது என்ன என்று விளக்கவே அன்றைய நேரம் சரியாக இருந்தது. ஆல்பத்தை அவர் மறுபடி திறக்கவில்லை.

அவர் கேட்டது சட்டம் கேட்பதுதான். கம்பெனி நிதியை வாங்கிச் செலவிடும் அமைப்பு சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அதே மாதிரிப் பணியில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவமும் வேண்டும். நீங்கள் இன்றைக்குத் தொடங்கினால் நேரடியாக வாங்க மூன்று ஆண்டு ஆகும். அதுவரை வேறொரு பதிவு பெற்ற அமைப்போடு சேர்ந்து ஒரு பகுதி வேலையை ஏற்கலாம். அல்லது வனத்துறை வழியாக ஒரு மீட்பு வண்டி, ஒரு சிகிச்சை மேசை என்று பொருளாகக் கேட்கலாம். கேட்கும் காலமும் முக்கியம். நிதியாண்டு தொடங்கும் ஏப்ரல், மே மாதங்களில் திட்ட அறிக்கை மேசைக்குப் போயிருக்க வேண்டும். பிப்ரவரியில் போனால் மிச்சம் இருப்பதுதான் கிடைக்கும். சில சமயம் அந்த மிச்சமே பெரிசாக இருக்கும், ஆனால் மார்ச் 31க்குள் செலவு செய் என்று கழுத்தைப் பிடிப்பார்கள். செலவிட வேண்டிய தொகை 50 லட்சத்துக்குள் இருக்கும் நிறுவனங்களில் தனிக் குழு தேவையில்லை, இயக்குநர்களே முடிவெடுப்பார்கள். ஆம்பூர், மேல்விஷாரம் பக்கத்துக் குடும்ப நிறுவனங்களில் பெரியவர் ஒருவர் சரி என்றால் வேலை முடிந்தது.

தோல் ஷாப்புகளில் பல கூட்டு வணிகமாக நடப்பவை, கம்பெனியே கிடையாது. அவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் தர்மம் செய்வதில் அந்தக் குடும்பங்கள் பின்வாங்குவதில்லை. அவர்களிடம் ஜகாத் பணத்தைக் கேட்காதீர்கள். அது இன்னின்ன மனிதர்களுக்கு என்று வகுக்கப்பட்டது, கேட்டால் அவர்களுக்குச் சங்கடம். சதகா என்ற பொதுவான தர்மத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. தாகத்தில் தவித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரின் கதை அவர்கள் எல்லோருக்கும் தெரியும், நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதுகூட இல்லை. ரமலானில் ஆயிரம் பேர் வாசலில் நிற்பார்கள், வேறு மாதத்தில் போங்கள்.

பாலாற்றைக் கெடுத்தவர்களிடமே காட்டுயிருக்குப் பணம் வாங்குவதா என்று உங்களில் ஒருவராவது கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். தோல் கழிவு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூரை வைத்துத்தான் 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்று தீர்ப்பு எழுதியது, அது இன்றும் நாடு முழுக்க மேற்கோள் காட்டப்படுகிறது. என் அபிப்பிராயம்: வாங்கலாம். ஆனால் ஆற்றைப் பற்றிப் பேச மாட்டோம் என்ற நிபந்தனை எழுத்திலோ வாய்மொழியிலோ வந்தால் வாங்கக் கூடாது. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை வருடா வருடம் வெளியிட்டுவிடுங்கள். அதற்குச் சம்மதிக்காதவர் பணம் வேண்டாம்.

அமெரிக்காவிலும் வளைகுடாவிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் அனுப்புவதில் ஒரு கோடு இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அதே ஆள் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டுப் பணம்தான், வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப் (எஃப்சிஆர்ஏ) பதிவு இல்லாமல் தொடக் கூடாது. அந்தப் பதிவுக்கு மூன்று ஆண்டு வயதும், அதற்குள் 15 லட்சம் செலவிட்ட கணக்கும் வேண்டும். இப்போதைக்கு மறந்துவிடுங்கள். இணையத்தில் பொதுவாக நிதி கேட்கும்போதும் இந்தியக் கணக்குகளிலிருந்து மட்டும் என்று போட்டுவிடுங்கள்.

அரசு உதவியையும் பெரிதாக எண்ண வேண்டாம். விலங்கு நல வாரியத்தின் உதவிகளும், வள்ளலார் பெயரில் தமிழக அரசு அறிவித்த பல்லுயிர்க் காப்பகத் திட்டமும் பெரும்பாலும் நாய், பூனை, மாடு போன்ற கைவிடப்பட்ட விலங்குகளுக்கானவை.

கல்வி மையம்தான் உங்கள் திட்டத்தில் சீக்கிரம் சொந்தக்காலில் நிற்கக்கூடியது. அதைப் 'பல்லுயிர் விழிப்புணர்வு' என்று விற்காதீர்கள். 'பாம்புக்கடித் தடுப்பு' என்று விற்றுப் பாருங்கள். இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியால் இறக்கிறார்கள் என்பது 2020இல் வெளியான ஆய்வின் மதிப்பீடு. 2030க்குள் இதைப் பாதியாக்க மத்திய அரசு 2024இல் ஒரு செயல்திட்டம் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழகம் பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. அதாவது மருத்துவமனைகள் இனி ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். இந்தச் சூழலில் கரும்பு, நெல், கடலை வயல்களும் செங்கல் சூளைகளும் உள்ள ஒரு மாவட்டத்தில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் அடையாளம் காட்டி, கடித்தால் கயிறு கட்டாதே, கீறாதே, நேராக மருத்துவமனைக்குப் போ என்று சொல்லித்தரும் குழுவுக்குப் பணம் தர ஆள் உண்டு. ரோட்டரி சங்கம் தரும், சூளை முதலாளி தருவார், மருத்துவமனைகள் மருத்துவரை அனுப்பும். சாரைப் பாம்பை ஏன் அடிக்கக் கூடாது என்று நீங்கள் சொல்ல நினைப்பதையும் அதே மேடையில் சொல்லிக்கொள்ளலாம், யாரும் தடுக்கப் போவதில்லை.

காட்பாடி, வேலூர் தனியார் பள்ளிகளிடம் தயங்காமல் கட்டணம் வாங்குங்கள். அரசுப் பள்ளிகளுக்கு இலவசமாகப் போங்கள், தேசிய பசுமைப் படை பொறுப்பாசிரியரைப் பிடித்தால் கதவு திறக்கும். அக்டோபர் முதல் வாரம் வனவிலங்கு வாரம், அப்போது எல்லாப் பள்ளிக்கும் ஒரு பேச்சாளர் தேவைப்படும். ஜூலையிலேயே கடிதம் கொடுத்துத் தேதி வாங்கிவிடுங்கள். பெற்ற கட்டணத்துக்குத் தனிப் புத்தகம் வையுங்கள். பேச்சாளர் பாம்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தால்தான் கூட்டம் சேரும் என்று யாராவது சொல்வார்கள். அன்றைக்குக் கூட்டம் சேரும், மறுநாள் வழக்கும் சேரும். உங்கள் குழுவில் யாராவது பாம்பைக் கழுத்தில் போட்டு எடுத்த பழைய படங்கள் முகநூலில் கிடந்தால் இன்றைக்கே எடுத்துவிடச் சொல்லுங்கள். பெரிய தொகை கொடுக்கும் முன் எல்லோரும் அதைத்தான் தேடிப் பார்க்கிறார்கள்.

நிலம் பற்றிக் கடைசியாக. தானமாக வருவதாலேயே அது இலவசம் இல்லை. வேலி, பாதை, கரண்ட், ஆழ்துளைக் கிணறு எல்லாம் உங்கள் தலையில்தான். காப்புக்காட்டு எல்லையிலிருந்து எவ்வளவு தூரம், அந்தக் கிராமம் மலைப்பகுதிக் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி தேவைப்படும் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பேரணாம்பட்டு, குடியாத்தம் மலையோரம் என்றால் ஆந்திரத்துக் கௌண்டின்யா சரணாலயத்திலிருந்து யானை இறங்கும் பக்கமா என்றும் வனக் காவலரிடம் விசாரியுங்கள். பழவாசம் அடிக்கும் இடத்துக்கு யானை வரும், உங்கள் வேலி அதற்கு ஒரு பொருட்டல்ல. இவையெல்லாம் தேறினால், உடனே தானப் பத்திரம் எழுதாமல், அறக்கட்டளை பெயரில் நீண்டகாலக் குத்தகையாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். மூன்று நான்கு வருடம் நடத்திப் பார்த்த பிறகு தானம் வாங்கிக்கொள்ளலாம். பூர்வீக நிலமாக இருந்தால் அவர் ஒருவர் கையெழுத்துப் போதாது. மகன்கள், மகள்கள் எல்லோரும் சம்மதித்துக் கையெழுத்துப் போடட்டும். வெளியூரில் இருக்கும் மகளையும் விட்டுவிடாதீர்கள்.